பாறையின் புருவம்

சிகிரியாவின் வடக்கு மேடையில் சிங்கத்தின் முன்பாதங்கள் இரண்டும் நகங்களோடு இருக்கின்றன. தலையும் மார்பும் இல்லை. 1898இல் தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல் மண்மேட்டைத் தோண்டிப் பாதங்களை வெளிக்கொணர்ந்தபோதே மேலே வெறும் பாறைதான் நின்றது. கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்ப மன்னனின் கொத்தர்கள் செங்கல்லும் சாந்தும் கொண்டு குன்றோடு ஒட்டி எழுப்பிய சிங்கம் அது. படிகள் அதன் உடலுக்குள் புகுந்து உச்சிக்குப் போயின. செங்கல்லைப் பிடித்து நிறுத்த வெட்டிய பள்ளங்கள் மட்டும் பாறை முகத்தில் இன்னும் தெரிகின்றன.

அதே குன்றின் மேற்கு முகத்தில், தரையிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் ஒரு குடைவு. உமியும் நாரும் கலந்த மண்பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு, அதன்மேல் தீட்டிய பெண்கள். பதினைந்து நூற்றாண்டு கழித்தும் காவியும் மஞ்சளும் பச்சையும் அப்படியே இருக்கின்றன. பல அடி தடிப்பில் கட்டிய செங்கல் சரிந்துவிட்டது. விரல் தடிப்புக்கூட இல்லாத பூச்சு நிலைத்துவிட்டது. இரண்டும் ஒரே குன்றில், ஒரே மன்னன் காலத்தில் செய்தவை.

சிங்கம் திறந்தவெளியில் நின்றது. ஓவியங்கள் பாறையின் புருவத்துக்குக் கீழே இருந்தன. வேறுபாடு அவ்வளவுதான். சிகிரியா இருக்கும் மாத்தளை மாவட்டத்தின் பழைய கட்டடங்களையும் சிற்பங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் போனால், எது நின்றது, எது விழுந்தது என்பதை மழைநீர் போன வழியே பெரும்பாலும் தீர்மானித்திருப்பது தெரியும். அரசர்களின் பெயர்களைப் படிக்கும் நாம் அந்த நீரின் கதையையும் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் குன்று எப்படி வந்தது? சிகிரியா ஓர் அவிந்துபோன எரிமலையின் தொண்டையில் உறைந்த குழம்பு என்று சுற்றுலாக் கையேடுகள் பல எழுதுகின்றன. வழிகாட்டிகளும் அதையே சொல்கிறார்கள். கேட்கச் சுவையாக இருக்கும், ஆனால் சரியல்ல. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய உருமாறிய பாறை. சிகிரியாவும் அந்த இனந்தான். நைஸ் எனப்படும் இப்பாறையில் வெளிர் பட்டையும் கரும் பட்டையும் மாறி மாறி ஓடும். அளவற்ற அழுத்தத்தில் கிடந்து நசுங்கி உருமாறியதற்கான தடம் அது.

சுமார் 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், இலங்கையும் தென்னிந்தியாவும் மடகஸ்காரும் கிழக்கு அந்தாட்டிக்காவும் ஒரே கண்டமாக ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பாறை நிலத்துக்குக் கீழே 20 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் வெந்தது. அங்கே வெப்பம் 700 பாகை செல்சியசுக்கு மேல். அழுத்தம் நாம் இப்போது உணரும் காற்றழுத்தத்தைப் போல ஐயாயிரம் மடங்குக்கு மேல். மதுரைப் பக்கத்துப் பாறைகளும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே பாடு பட்டவை. யானைமலையைப் பார்த்துவிட்டுச் சிகிரியாவைப் பார்க்கிறவருக்கு உறவு உடனே பிடிபடும்.

பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழை மேலிருந்த பாறையைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோனது. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் மெல்லிய அமிலம். பாறையிலுள்ள பெல்ஸ்பார் அதில் மெல்ல மெல்லக் களிமண்ணாகும். குவார்ட்ஸ் கரையாமல் மணலாக உதிரும். விரிசல் நெருக்கமாக இருக்கும் இடத்தில் நீர் உள்ளே புகுந்து விரைவாக வேலை செய்யும். விரிசல் அரிதாக இருக்கும் இடத்தில் அதற்கு நுழைய வழியில்லை. சுற்றியிருந்த பாறை கரைந்து சமவெளியாகி, விரிசல் குறைந்த பாறை மட்டும் தனிக்குன்றாக எஞ்சியது. சிகிரியா சுற்றுநிலத்திலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் எழுந்து நிற்பது இப்படித்தான். பிதுரங்கலைக் குன்றும் தம்புள்ளைப் பாறையும் இதே வகை. குன்று வளரவில்லை, சுற்றியிருந்த நாடு இறங்கிப் போயிற்று.

ஆழத்தில் அவ்வளவு அழுத்தத்தில் கிடந்த பாறை வெளியே வந்ததும் சற்று விரிகிறது. அதனால் மேற்பரப்புக்கு இணையாக, தகடு தகடாக வெடிப்புகள் உண்டாகின்றன. நடுப்பகலில் வெறுங்கால் வைக்க முடியாத சூடும், மாலை மழையில் சட்டென்று வரும் குளிரும் அந்த வெடிப்புகளை மேலும் பிளக்கின்றன. செங்குத்தான முகத்தில் அடித்தகடு ஒன்று விழுந்துவிட, மேலே உள்ளது கூரையாகத் துருத்தி நிற்கும். விழுந்த இடத்தில் ஈரம் தங்கி, அரிப்பு இன்னும் உள்ளே போகும். விழுந்த தகடுகளும் உருண்டைகளும் அடிவாரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும். குகை, கூரை, தூண், வாயில் எல்லாம் மனிதர் வருவதற்கு முன்பே தயாராக இருந்தன என்று சொல்லிவிடலாம். மாத்தளை நகருக்கு அருகே அலுவிகாரையில் துறவிகள் தங்கியது இத்தகைய பெரும்பாறைகளின் இடுக்குகளில்தான். கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் முதன்முறை எழுத்தில் பதியப்பட்ட இடம் என்று மரபு அதைப் போற்றுகிறது.

ஆனால் இயற்கை தந்த குகைக்கு ஒரு குறை உண்டு, அது ஒழுகும். கூரை இருந்தும் ஏன் ஒழுக வேண்டும்? மழை நேராக உள்ளே வருவதில்லை. பாறையின் உச்சியில் விழுந்த நீர் முகத்தின் வழியே இறங்கி, துருத்திய விளிம்பை அடைகிறது. அங்கே அது கீழே விழுந்துவிட வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். நீர் விழாது. குவளையைச் சாய்த்துத் தேநீர் ஊற்றும்போது நேரே விழாமல் விளிம்பைப் பற்றிக்கொண்டு அடிப்பக்கமாக வழிகிறதே, அதே குணம். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன, கல்லையும் இழுக்கின்றன. அந்த ஒட்டுதலால் நீர் மெல்லிய படலமாகக் கூரையின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே உள்ளே நடந்து போகும். சுவரில் இறங்கும், ஓவியத்தின் பின்னால் புகும், பூச்சை ஊதவைத்து உதிர்க்கும்.

இதற்கு ஒரு சிற்றுளியால் மருந்து கண்டார்கள். குகையின் முகப்பில், துருத்திய பாறையின் விளிம்பு நெடுகிலும் ஒரு வெட்டு. அதற்குச் சிங்களத்தில் கட்டாரம என்று பெயர். தமிழ்நாட்டுத் தொல்லியலாளர் காடி என்றும் புருவம் என்றும் சொல்வார்கள். வெட்டின் வெளிவிளிம்பு கூர்மையாகக் கீழ்நோக்கி நிற்கும். அதுவரை வழிந்து வரும் நீர் மேற்கொண்டு உள்ளே போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். அது நீரால் முடியாது. விளிம்பில் திரண்டு, தன் எடை பரப்பு இழுவிசையை மீறியவுடன் துளியாகக் கழன்று விழும். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ இருபது துளி. மழை எவ்வளவு பெய்தாலும் குகை வாசலில் ஒரு நீர்த்திரை விழும். உள்ளே தரை காய்ந்திருக்கும்.

மலையை நகர்த்தவில்லை, பெரிய சுவர் எழுப்பவில்லை. விரற்கடை ஆழத்துக்கு ஒரு கோடு கீறினார்கள். அந்தக் கோட்டினால் ஒழுகும் பாறை வீடாயிற்று. இலங்கையின் பழைய கட்டடக் கலையில் நான் மிக உயர்வாக மதிப்பது தூபிகளையல்ல, இந்தக் கோட்டைத்தான். அதை வெட்டியவர்கள் நீரின் இயல்பை நூலில் படிக்கவில்லை. மழையில் நின்று, துளி எங்கே கழல்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றிருக்க வேண்டும்.

அந்தக் காடிக்குச் சற்றுக் கீழே, நனையாத இடத்தில், குகையைத் தானம் செய்தவரின் பெயரைப் பிராமி எழுத்தில் பொறித்தார்கள். இலங்கையில் இத்தகைய தொன்மையான குகைக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளின் சமூக வரலாறு நமக்குத் தெரிவது பெரும்பாலும் அவற்றால்தான். கடலுக்கு இப்பால் மதுரையைச் சுற்றி மாங்குளத்திலும் யானைமலையிலும் சமண முனிவர் உறைந்த குகைகளில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. நீர் வடிய விளிம்பில் காடி வெட்டும் வழக்கமும் அங்கே உண்டு. ஒரே பாறை, ஒரே மழை, ஒரே தீர்வு. சமயமும் மொழியும் வேறு.

நம் வீடுகளில் சன்னலுக்கு மேல் போடும் கொங்கிரீட் சன்ஷேட்டின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். நல்ல கொத்தர் விளிம்புக்கு அருகே ஒரு சிறு காடி விட்டிருப்பார். அது இல்லாத வீட்டில் சில மாரிகளுக்குள் சுவரில் கறுப்புக் கோடுகள் இறங்கிவிடும்.

தம்புள்ளையில் இந்தக் கலை முழு அளவில் இருக்கிறது. சமவெளியிலிருந்து சுமார் 160 மீட்டர் எழும் பாறை. அதன் இடுப்பில் ஒரு நீண்ட துருத்தல். கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் அநுராதபுரத்தை இழந்து ஒளிந்திருந்த இடம் இது என்றும், அரசு மீண்டதும் நன்றியாக விகாரையாக்கினான் என்றும் மரபு சொல்கிறது. உள்ளே போகிறவர் ஐந்து குகைகளைக் காண்கிறார். உண்மையில் ஒரு பெரும் பாறைக்கூரைதான். சுவர் எழுப்பி ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டாம் குகையின் நீளம் 52 மீட்டர், ஆழம் 23 மீட்டர், முகப்பில் உயரம் 7 மீட்டர். பின்னே போகப் போகக் கூரை தாழ்ந்து தலையைத் தொடவருகிறது. தகடு உரிந்த பாறையின் வளைவு அது.

ஓவியர்கள் அந்த மேடுபள்ளத்தைச் சமப்படுத்த முனையவில்லை. பாறை எப்படி நெளிந்ததோ அப்படியே கோடுகளை நெளிய விட்டார்கள். விளக்கொளியில் நிமிர்ந்து பார்க்கும்போது கல்லென்றே தோன்றாது. சுவரும் கூரையும் சேர்ந்து ஏறத்தாழ 2,100 சதுர மீட்டர் ஓவியம். முதற் குகையில் 14 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்து கிடக்கும் புத்தர் அந்தப் பாறையிலேயே செதுக்கப்பட்டவர். குகையின் நீளம் எவ்வளவோ, சிலைக்கும் ஏறத்தாழ அவ்வளவு.

இரண்டாம் குகைக் கூரையின் ஒரு விரிசலிலிருந்து நீர் சொட்டுகிறது. கீழே பாத்திரம் வைத்து ஏந்துகிறார்கள். கோடையிலும் வற்றாத புனித நீர் என்று பக்தர்கள் நம்புகிறார்கள். மழைக்காலத்தில் மேலே புகுந்த நீரை வெடிப்புகள் தேக்கி வைத்து மெதுவாக விடுகின்றன என்று புவியியல் சொல்லும். எனக்கு இரண்டிலும் முரண்பாடு தெரியவில்லை. தடுக்க முடியாத ஒரு சொட்டுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்ததும் பழைய அறிவின் ஒரு பகுதிதான். இன்று தம்புள்ளை ஓவியங்களை அச்சுறுத்துவது ஈரமும் பூச்சிகளும் வௌவால்களும், கூட்டம் கூட்டமாக வருவோரின் மூச்சும். வெளியே தெரியும் வெள்ளை நிற வளைவு முகப்பு 1938இல் கட்டியது. பழைமை என்று நினைத்துப் படம் எடுப்பவர்கள் அதை அறிந்துகொள்வது நல்லது.

மறுபடி சிகிரியாவுக்கு வருவோம். காசியப்பன் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அந்த அடிவாரத்துப் பாறைகளில் துறவிகள் காடி வெட்டி வாழ்ந்தார்கள். அரசன் அதன்மேல் ஒரு நகரத்தைப் பொருத்தினான். மேற்கே சமவெளியில் நூல் பிடித்தாற்போல் சமச்சீரான நீர்ப் பூங்கா. குன்றை நெருங்க நெருங்க, உருண்டு கிடந்த பெரும்பாறைகளை அசைக்காமல் அவற்றினூடே வளைந்து போகும் பாதைகள். சாய்ந்து நிற்கும் இரண்டு பாறைகளின் இடைவெளியே ஒரு வாயில். ஒரு பாறையின் தலையைச் சமப்படுத்தி அரியணை வெட்டினார்கள். இன்னொன்றின் தலையில் நீர்த்தொட்டி. நேர்கோடு மனிதனுடையது, வளைவு மழையினுடையது. இரண்டும் சந்திக்கும் இடத்தை இவ்வளவு நாகரிகமாகக் கையாண்ட நகரமைப்பு ஆசியாவில் அரிது.

உச்சியின் பரப்பு சுமார் 1.6 ஹெக்டேர். அங்கே பாறையில் வெட்டிய பெரிய குளம் 27 மீட்டருக்கு 21 மீட்டர். உலர்வலயத்தில் ஆண்டின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையில் கொட்டிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே ஈரத்தை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் வரும்போது வறண்டு வீசும். ஆகவே பெய்யும்போது பிடித்துவைக்கத் தெரிந்தவனுக்குத்தான் இங்கே அரண்மனை.

கீழே நீர்ப் பூங்காவின் ஊற்றுகளில் இறைப்பி ஏதும் இல்லை. உயரத்தில் நீரைத் தேக்கி, நிலத்தடிக் கால்வாயால் கொண்டுவந்து, ஆழமில்லாத ஓர் அறையில் அடைத்து, மேலே துளையிட்ட சுண்ணாம்புக்கல் பலகையைப் போட்டார்கள். நீர்மட்டத்தின் ஒவ்வொரு 10 மீட்டர் உயர்வும் ஏறத்தாழ ஒரு காற்றழுத்த அளவு அழுத்தம் தரும். சில அடி உயர வேறுபாடே சிறு ஊற்றைப் பீறவைக்கப் போதும். நல்ல மாரியில் அந்த ஊற்றுகள் இன்றும் எழுகின்றன. சிங்கத்தின் தலையை வீழ்த்திய அதே மழை அவற்றை இயக்குகிறது. செங்கற்சிங்கம் வாடைமழை அறையும் வடக்குப் பக்கத்தில் மறைவின்றி நின்றது. செங்கல்லின் இணைப்புகளில் நீர் புகுந்து சாந்தைக் கரைத்தது, விதைகள் முளைத்து வேர் பிளந்தது, எடை மிச்சத்தைச் செய்தது. அடியில் பருமனாக இருந்த பாதங்களை, மேலிருந்து விழுந்த இடிபாடே மூடிக் காத்தது. பளிங்குச் சுவர் எனப்படும் கண்ணாடிச் சுவர் பாறை மறைவில் நிற்பதால், பார்க்க வந்தவர்கள் நூற்றாண்டுகளாக அதில் கீறிய வரிகள் பிழைத்தன. அவற்றில் 685 பாடல்களைத் தொல்லியலாளர் செனரத் பரணவிதான படித்து 1956இல் வெளியிட்டார்.

1967இல் யாரோ ஏறிப்போய் ஓவியங்கள்மேல் பச்சை நிறத்தைப் பூசிச் சிதைத்தார்கள். இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சியின் உதவியோடு அவை சீராயின. பதினைந்து நூற்றாண்டு மழை செய்யாததை ஓர் இரவில் மனிதர் செய்தனர்.

இதே மாவட்டத்து நாலந்தாவின் கெடிகே வேறு வகை நீரைச் சந்தித்தது. பல்லவர் பாணியை நினைவூட்டும் அந்தச் சிறு கற்கோயில் இருந்த பள்ளத்தை, மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கம் மூழ்கடிக்க இருந்தது. கல் கல்லாகப் பிரித்து, 1980இல் கரையில் மீண்டும் அடுக்கினார்கள். கோயில் தப்பியது, அதன் நிலம் போயிற்று.

நம் காலத்தில் இந்த மாவட்டத்து நீரோடு பேசிக் கட்டியவர் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா. 1994இல் திறந்த கண்டலம ஹோட்டலைச் சிகிரியாவின் அருகே கட்டத்தான் முதலில் கேட்டார்கள். அவர் மறுத்து, கண்டலம குளத்தின் மேலுள்ள பாறைச்சரிவைத் தேர்ந்தார். குளமும் காடும் கெடும், தம்புள்ளை விகாரையின் அமைதி குலையும் என்று அப்போது கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. அது இருந்ததால்தான் கட்டியவர்கள் இன்னும் கவனமாக இருந்தார்கள் என்றும் நினைக்கிறேன். கட்டடம் பாறையை வெட்டவில்லை. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சரிவை ஒட்டி வளைந்து, தூண்களின்மேல் நிற்கிறது. மழைநீர் பாறையிலிருந்து இறங்கி, கட்டடத்தின் அடியால் போய்க் குளத்தைச் சேர்கிறது. நடைபாதைக்குள் பாறை அப்படியே தெரிகிறது. கூரையிலும் முகப்புச் சட்டங்களிலும் கொடி படர்ந்து, குளத்தின் அக்கரையிலிருந்து பார்த்தால் சுவரைத் தேட வேண்டியிருக்கிறது. படிக்கட்டு வெளியில் சிற்பி லக்கி சேனாநாயக்க செய்த பெரிய உலோக ஆந்தை சிறகு விரித்திருக்கிறது. தூண்களுக்கிடையே நீருக்கு விட்ட வழி, தம்புள்ளைத் துறவி வெட்டிய காடியின் வாரிசு.

இந்த அறிவு விருந்தினர் விடுதிக்கும் விகாரைக்கும் கிடைத்தது. இதே மாவட்டத்தின் தெற்கிலும் கிழக்கிலும், நக்கிள்ஸ் மலைச்சரிவுகளின் தோட்டங்களில் வாழும் எம் மக்களின் வீடுகளுக்குக் கிடைக்கவில்லை. லயன் எனும் வரிசை வீடுகளை எங்கே கட்டுவது என்பதை அன்று தோட்ட நிர்வாகத்தின் வசதி தீர்மானித்தது; நீரின் வழி தீர்மானிக்கவில்லை. சரிவில் மண்ணை வெட்டிச் சமதரை செய்தால் மேலேயுள்ள மண்ணைத் தாங்கும் கால் போய்விடும். அடைமழையில் மண்துகள்களின் இடைவெளியெல்லாம் நீர் நிறைந்து, துகளைத் துகளிலிருந்து தள்ளுகிறது. உராய்வு குறைகிறது, எடை கூடுகிறது, ஒரு கணத்தில் சரிவு முழுவதும் நழுவுகிறது. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டம் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியது அப்படித்தான். அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்களில் மறுபடி மண்ணைச் சரித்து உயிர்களைக் கொண்டுபோனது.

தோட்டத் தொழிலாளிக்கு இந்த அறிவு புதிதல்ல. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, நீரின் வேகத்தை அடக்கி ஓரத்துக்குத் திருப்பும் வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்பவர்கள் அவர்கள்தாம். தேயிலைச் செடியின் வேருக்குக் கிடைத்த அந்தக் கான், அவர்களின் வீட்டுக்குப் பின்னால் பல இடங்களில் இல்லை. இருக்கும் இடத்திலும் தூர்ந்து கிடக்கிறது.

தோட்ட மக்களுக்குக் காணி கொடுத்துப் புதிய வீடு கட்டித்தரும் திட்டங்கள் நடக்கின்றன. அத்திவாரம் வெட்டும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேளுங்கள். அது இல்லாமல் காணியை ஏற்காதீர்கள். மழை பெய்யும் நாளில் அந்த இடத்தில் நின்று நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். ஊரில் கான் வெட்டிய பெரியவர்களை அழைத்துப்போய்க் காட்டுங்கள். வீட்டின் மேற்புறம் கான் வெட்டாமல் சாவி தந்தால் அதிகாரிகளிடம் எழுத்தில் கேளுங்கள். தரையில் புதிதாக வெடிப்பு கண்டாலோ, ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ, மரமோ மின்கம்பமோ சாய்ந்தாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு அங்கிருந்து வெளியேறிவிடுங்கள்.